நங்கூரம் நழுவினால் கப்பல் எந்தப் பக்கம் போகும்?

2021 அக்டோபர் முதல் வாரத்தில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச் கரையில் கச்சா எண்ணெய் ஒதுங்கியது. அதற்குக் காரணமான சம்பவம் நடந்து அப்போது எட்டு மாதம் கடந்திருந்தது. அந்த ஆண்டு ஜனவரி 25 அன்று சான் பெட்ரோ விரிகுடாவில் காற்று பலமாக அடித்தது. லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் இடம் கிடைக்கக் காத்து நின்ற எம்.எஸ்.சி. டானிட், பெய்ஜிங் என்ற இரண்டு கன்டெய்னர் கப்பல்களின் நங்கூரங்களும் தரைப்பிடியை விட்டு இழுபட்டன. இழுபட்ட வழியில் எண்ணெய்க் கிணற்று மேடைகளிலிருந்து கரைக்கு வரும் 16 அங்குலக் குழாய் கிடந்தது. நங்கூரங்கள் அதில் மாட்டி இழுத்ததில் சுமார் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் இடம்பெயர்ந்தது. அதிகபட்சமாக 32 மீட்டர் வரை பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. ஆனால் அன்றைக்கு அது உடையவில்லை. வளைந்த இடத்தில் விரிசல் விட்டு, அது மெல்ல வளர்ந்து, அக்டோபர் 1 மாலையில்தான் கசியத் தொடங்கியது. வெளியேறிய எண்ணெய் 588 பீப்பாய்.

இதை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், நங்கூரமிட ஒதுக்கிய இடங்கள் குழாய்க்கு அருகே இருந்ததையே விபத்துக்கான காரணத்தில் முதலில் வைத்தது. இது கவனிக்க வேண்டிய முடிவு. கப்பல்கள் கண்ட இடத்தில் நிற்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட நங்கூர வட்டங்களில்தான் நின்றன. குழாயும் கடல் வரைபடத்தில் குறிக்கப்பட்டே இருந்தது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் குழாய் இழுபட்டது. நங்கூர வட்டம் என்பது நங்கூரம் பிடித்து நிற்கும் கப்பலுக்காக வரையப்படுவது. பிடி விட்டுப் போகும் கப்பலுக்கு எவ்வளவு இடம், எந்தத் திசையில் வேண்டும் என்பது வேறு கணக்கு. நங்கூரப் பகுதி வகுப்பதில் பெரும்பாலான கோளாறுகள் முதல் கணக்கை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதால் வருகின்றன.

வட்டத்தின் கணக்கு

பெரிய கப்பலைப் பிடித்து நிறுத்துவது நங்கூரம் மட்டுமல்ல, சங்கிலியும்தான். சங்கிலியின் ஒரு பகுதி கடல் தரையில் கிடக்க வேண்டும். அப்போதுதான் காற்றின் இழுப்பு நங்கூரத்துக்குக் கிடைமட்டமாகப் போய்ச் சேர்ந்து, அதன் நகங்கள் மண்ணுக்குள் மேலும் இறங்கும். இழுப்பு அதிகமாகி, கிடக்கும் சங்கிலி முழுதும் தரையை விட்டு எழும்பிவிட்டால், நங்கூரத் தண்டு மேல்நோக்கி இழுபடும். தண்டு சில பாகை எழும்பினாலே பிடிமானம் கணிசமாகக் குறையும்; பதினைந்து பாகை எழும்பினால் ஏறக்குறைய பாதி போய்விடும்.

சங்கிலியை ஷாக்கிள் கணக்கில் அளப்பார்கள். ஒரு ஷாக்கிள் 27.5 மீட்டர். எத்தனை ஷாக்கிள் இறங்கியிருக்கிறது என்பதைச் சங்கிலியே காட்டும்: முதல் ஷாக்கிள் முடியும் இணைப்புக்கு இரு புறமும் முதல் கண்ணி வெள்ளை, இரண்டாவது இணைப்புக்கு இரு புறமும் இரண்டாவது கண்ணி வெள்ளை என்று பெயிண்ட் அடித்திருப்பார்கள். அதே கண்ணியில் கம்பியும் சுற்றியிருக்கும். பெயிண்ட் உதிர்ந்துபோனாலும் கம்பிச் சுற்றை வைத்து எண்ணிவிடலாம். முன்தளத்தில் நிற்கும் போசன், அதாவது தள மாலுமிகளின் தலைவர், சங்கிலி ஓடும்போதே இதைப் பார்த்து, கப்பலை நடத்தும் அறையான பிரிட்ஜுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். சங்கிலி எந்தத் திசையில் இழுக்கிறது, இறுக்கமா தளர்வா என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

ஆழத்தைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு சங்கிலி விடுவது வழக்கம். 30 மீட்டர் ஆழத்தில் 8 ஷாக்கிள், அதாவது 220 மீட்டர், சாதாரண அளவு. இனி ஒரு கப்பலுக்கான வட்டத்தைப் போட்டுப் பார்க்கலாம். கப்பலின் நீளம் 366 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பனாமாவின் புதிய மதகுகளை மனத்தில் வைத்துக் கட்டிய கன்டெய்னர் கப்பல்களின் அளவு அது. சங்கிலி இறங்கும் துளை நீர்மட்டத்துக்கு மேல் 15 மீட்டர் இருந்தால், 220 மீட்டர் சங்கிலி கிடைமட்டமாக எட்டும் தூரம் சுமார் 215 மீட்டர். அதோடு கப்பலின் நீளத்தைக் கூட்டினால் 581. நங்கூரம் சரியாக நடுப்புள்ளியில் விழாமல் போவதற்கும், பிடிக்கும்முன் சற்று இழுபடுவதற்கும் ஒரு கேபிள் தூரம், அதாவது 185 மீட்டர், சேர்க்கலாம். ஆரம் 766 மீட்டர்; விட்டம் ஒன்றரைக் கிலோமீட்டர்; பரப்பு 1.84 சதுர கிலோமீட்டர். ஒரு கப்பலுக்கே இவ்வளவு. இருபது கப்பலுக்கு வட்டங்களை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் நாற்பது சதுர கிலோமீட்டருக்குக் குறையாது.

துறைமுக அதிகாரிகளுக்கு இங்கேதான் ஆசை முளைக்கும். எல்லாக் கப்பல்களும் ஒரே காற்றில் ஒரே பக்கம்தானே திரும்பும், வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் என்ன என்ற வாதம் வரும். ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் சரக்கு ஏற்றி ஆழ மூழ்கிய டேங்கர் நீரோட்டத்துக்குத் திரும்பும். வெறுமையாக உயர்ந்து நிற்கும் மொத்தச்சரக்குக் கப்பல் காற்றுக்குத் திரும்பும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே இருக்கும் நேரங்களில், பக்கத்துப் பக்கத்து வட்டங்களில் நிற்பவை ஒன்றின் வாலை ஒன்று முட்டும். வட்டங்களை மேற்பொருத்த வேண்டுமென்றால் ஒரே வகை, ஒரே அளவுக் கப்பல்களை மட்டும் அங்கே வைக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, வட்டங்கள் பழையவையாகப் போவது. 250 மீட்டர்க் கப்பல்கள் பெரியவையாக இருந்த காலத்தில் வரைந்த வட்டத்தில் இன்று 400 மீட்டர்க் கப்பல் வந்து நிற்கிறது. மேலே சொன்ன கணக்கில் நீளத்தை மட்டும் மாற்றினால் ஆரம் 650-லிருந்து 800 மீட்டராகிறது. வரைபடத்தில் வட்டம் மாறாது. கப்பல்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

நங்கூரம் எதற்குச் செய்யப்பட்டது

நிலத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அறியாத ஒன்று உண்டு. கப்பலின் நங்கூரம் புயலில் திறந்த கடலில் நிற்பதற்காகச் செய்யப்பட்ட கருவியே அல்ல. கப்பல் தரநிர்ணயக் கழகங்களின் பொது விதிப்படி, துறைமுகத்திலோ ஒதுக்கமான நீரிலோ இடம் கிடைக்கும்வரை தற்காலிகமாக நிற்கத்தான் அது. விநாடிக்கு 25 மீட்டர் காற்று, 2.5 மீட்டர் நீரோட்டம், அலை இல்லை. இதுதான் அந்த அளவீட்டின் அடிப்படை. அலை வந்துவிட்டால் தாங்கும் வரம்பு சட்டென்று சரிகிறது: 2 மீட்டர் அலை என்றால் காற்று விநாடிக்கு 11 மீட்டர் மட்டுமே, அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர். வங்காள விரிகுடாவில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எதுவும் இல்லாமலே வந்துபோகிற காற்று அது.

காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதோடு கப்பல் ஒரே நிலையில் நிற்பதில்லை. எட்டு என்ற இலக்கத்தை வரைவதுபோல் இடமும் வலமும் ஆடும். ஒவ்வோர் ஆட்டத்தின் கடைசியிலும் சங்கிலி ஒரு வெட்டு வெட்டும். சராசரி இழுப்பைவிட அந்த வெட்டு பல மடங்கு பெரிது. நங்கூரத்தைப் பெயர்ப்பது அதுதான். வெறுங்கப்பலும், பெட்டிகளை மாடி மாடியாக அடுக்கிய கன்டெய்னர் கப்பலும் இதில் மோசமானவை. காற்றுக்குக் காட்டும் பக்கம் அவற்றுக்கு மிகப் பெரிது.

நங்கூரம் இழுபடத் தொடங்கிவிட்டது என்பதை ஆட்டம் நின்றுபோவதை வைத்தே அனுபவசாலிகள் அறிவார்கள். கப்பல் காற்றுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு அப்படியே ஒதுங்கும். சங்கிலியில் கைவைத்தால் தரையில் உரசும் அதிர்வு தெரியும். மின்னணு வரைபடத்தில் கப்பலின் தடம் வட்டத்தை விட்டு ஒரு பக்கமாக நீளும்.

இப்போது இரண்டாவது கணக்கு. இழுபடும் பெரிய கப்பல் 2 நாட், அதாவது மணிக்கு இரண்டு கடல் மைல், வேகத்தில் போவது சாதாரணம். அரை மணி நேரத்தில் ஒரு கடல் மைல். இழுபடுவதைக் கண்டு உறுதிசெய்யப் பத்து நிமிடம் என்று வையுங்கள். எஞ்சினைத் தயார்நிலையில் வைத்திருந்தால் இன்னும் சில நிமிடங்களில் முன்னோக்கி ஓட்டிச் சங்கிலியின் இறுக்கத்தைக் குறைக்கலாம். தயார்நிலையில் இல்லையென்றால் பெரிய டீசல் எஞ்சினை உசுப்ப அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அடுத்து நங்கூரத்தை எடுக்க வேண்டும். சங்கிலியை இழுக்கும் இயந்திரமான விண்ட்லாஸ் நிமிடத்துக்கு 9 மீட்டர் இழுக்க வேண்டும் என்பது விதி. 220 மீட்டர் சங்கிலிக்கு 24 நிமிடம், அதுவும் அமைதியான கடலில். புயலில் விறைத்து நிற்கும் சங்கிலியை இழுத்தால் விண்ட்லாஸ் மோட்டார் வெடித்த சம்பவங்களும் உண்டு. அதனால் எஞ்சினை ஓட்டித் தளர்த்தித் தளர்த்தித்தான் எடுக்க முடியும்.

கூட்டிப் பார்த்தால் எஞ்சின் தயாராக இருந்த கப்பல் அரை மைலுக்குள் தன்னைத் தாங்கிப் பிடிக்கலாம். தயாராக இல்லாத கப்பல் கட்டுக்குள் வரும்போது இரண்டு மைல் போயிருக்கும். ஆகவே வட்டத்தின் விளிம்பிலிருந்து, காற்று தள்ளும் திசையில், இரண்டு மைலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் நங்கூரப் பகுதி வகுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எல்லாப் பக்கமும் சம தூரம் விடுவதில் பொருளில்லை. பலத்த காற்று எந்தத் திசையிலிருந்து வருமோ அதற்கு எதிர்ப்பக்கம் நீளமாகவும், மற்ற பக்கங்களில் குறைவாகவும் விடலாம். அந்தப் பக்கம் குழாய் இருந்தால் வட்டத்தை நகர்த்த வேண்டும், அல்லது அந்த வட்டத்தில் எஞ்சினை நிறுத்தவே கூடாது என்று நிபந்தனை போட வேண்டும். பின்னது மலிவு. ஆனால் எரிபொருள் செலவு கப்பல்காரர் தலையில் விழுவதால், கண்காணிப்பு இல்லாவிட்டால் யாரும் மதிப்பதில்லை.

சான் பெட்ரோ விசாரணையிலும் பரிந்துரைகள் இதையொட்டியே வந்தன. நங்கூர இடங்களுக்கும் குழாய்க்கும் இடையிலான இடைவெளியை அதிகப்படுத்தச் சொன்னார்கள். கப்பல் குழாயை நோக்கி நகர்ந்தால் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் ஒலியும் ஒளியும் எழுப்பும் எச்சரிக்கை வேண்டும் என்றார்கள். இவற்றைவிடச் சின்னதாகத் தோன்றும் ஒரு குறையும் வெளிவந்தது: கப்பல்கள் குழாயின் மேலே இழுபட்டுப் போன செய்தியைக் குழாய்க்காரருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த சில வாரங்களில் தரையைப் பரிசோதித்து, விரிசல் வளரும்முன் பழுது பார்த்திருக்கலாம். அவர்கள் பக்கமும் தவறு இருந்தது. கசிவு எச்சரிக்கை மணி முதல்நாள் மாலையிலிருந்து திரும்பத் திரும்ப அடித்தும், குழாயை நிறுத்துவதும் மறுபடி ஓட்டுவதுமாக இரவெல்லாம் போய், மறுநாள் காலையில்தான் முற்றாக மூடினார்கள்.

தரை, ஆழம், ஒதுக்கம்

நல்ல தரை என்பது நடுத்தரக் கெட்டியான களிமண்ணும் கெட்டி மணலும். நங்கூரம் புதைந்து, அதன்மேல் மண் மூடி, இழுக்க இழுக்க இறுகும். குழகுழவென்ற சேற்றில் நங்கூரம் ஆழமாக இறங்கினாலும் இழுத்தால் வெண்ணெயில் கத்தி போவதுபோல் வந்துவிடும். பாறைத் தரையில் ஒன்று பிடிக்கவே பிடிக்காது, அல்லது இடுக்கில் மாட்டிக்கொண்டு வராது. அறுத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். மெல்லிய மணல் போர்த்திய பாறைதான் மிக ஏமாற்றுவது. மாதிரி அள்ளும் கருவி மணலைக் காட்டும். அரை மீட்டருக்குக் கீழே நகம் இறங்க வழியில்லை. அதனால் ஆழமளக்கும் பல்கற்றை சோனார் மட்டும் போதாது. அடித்தரைப் படிவங்களைக் காட்டும் கருவி, கைவிடப்பட்ட கேபிளையும் மூழ்கிய இரும்பையும் கண்டுபிடிக்கும் காந்தமானி, பல இடங்களில் மண் மாதிரி ஆகிய எல்லாம் வேண்டும். தூர்வாரிய மண்ணைக் கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நங்கூரப் பகுதி வைப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. புதிதாகக் கொட்டிய மண் இறுகப் பல காலம் ஆகும்.

தமிழகக் கடலோரத்தில் தரையின் தன்மை மீனவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. எங்கே சேறு, எங்கே மணல், எங்கே பார் (கடலடிப் பாறைத்திட்டு) என்று, கரையிலுள்ள கோபுரத்தையும் மலையையும் குறி பார்த்தே சொல்லிவிடுவார்கள். பார் இருக்கும் இடம் மீன் திரளும் இடம்; அங்கே நங்கூரம் போட்டால் நங்கூரமும் கெடும், மீன்பிடியும் கெடும். அளவைக் கப்பல் போகும்முன் அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் அளவைச் செலவில் பாதி மிச்சமாகும் என்பது என் கணிப்பு.

ஆழத்தில் இரண்டு வரம்புகள் உண்டு. கீழ்வரம்பு: கப்பல் மூழ்கும் ஆழத்தோடு ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக வேண்டும், அலை புகும் திறந்த கடலில் கப்பல் முன்னும் பின்னும் குத்தி எழும்புவதால் இன்னும் அதிகம். மேல்வரம்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்ட்லாஸ் தூக்க வேண்டும் என்று விதி கேட்பது நங்கூரத்தின் எடையையும் செங்குத்தாகத் தொங்கும் மூன்று ஷாக்கிள் சங்கிலியையும், அதாவது 82.5 மீட்டரையும்தான். அதற்கு மேல் ஆழத்தில் போட்டால் எடுக்க முடியாமல் போகலாம். பத்து டன்னைத் தாண்டும் நங்கூரத்தை ஆழமான இடத்தில் பிரேக்கைத் திறந்து அப்படியே விழவிட்டால் பிரேக் கருகிப்போய்ச் சங்கிலி முழுதும் ஓடிவிடும். அதனால் கியரில் வைத்து மெல்ல இறக்குவார்கள். இருபது முதல் ஐம்பது மீட்டர் வரையிலான ஆழம் எல்லாருக்கும் வசதி.

அடுத்தது ஒதுக்கம். தீவின் மறைவு, முனையின் மறைவு, அலைதடுப்புச் சுவரின் மறைவு என்று ஏதாவது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சிங்கப்பூருக்கு அந்த வாய்ப்பு உண்டு. சென்னைக்கு இல்லை. நேராக வடக்கு தெற்காக ஓடும் திறந்த கரை. வாடைக்காற்றுக் காலத்தில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வரும். நங்கூரம் நழுவினால் போய் நிற்கும் இடம் கரைதான். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் இழுபட்டுத் தென்மேற்காக வந்து, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அருகே தரைதட்டியது. கப்பலை விட்டு இறங்கிய உயிர்காப்புப் படகு கவிழ்ந்து மாலுமிகள் உயிரிழந்தனர். கப்பலில் எரிபொருளும் உணவும் தட்டுப்பாடாக இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. புயல் எச்சரிக்கை வந்தால் வெளியே நிற்கும் கப்பல்களை ஆழ்கடலுக்குப் போகச் சொல்வது வழக்கமான நடைமுறை. எஞ்சினை ஓட்ட எரிபொருள் இல்லாத கப்பலுக்கு அந்த உத்தரவால் பயனில்லை. எனவே திறந்த கரையில் நங்கூரப் பகுதி வகுக்கும்போது, நிற்கும் கப்பல்களின் நிலையையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும்: எரிபொருள் எவ்வளவு, ஆட்கள் எத்தனை, எஞ்சின் ஓடுமா, உரிமையாளர் பொறுப்பேற்கிறாரா. வழக்கிலோ சம்பளப் பாக்கியிலோ மாட்டி மாதக்கணக்கில் நிற்கும் கப்பல்களைக் கரைக்கு நேர் எதிரே வைக்கவே கூடாது.

எந்தச் சரக்கை எங்கே நிறுத்துவது என்பதும் இதே காற்றுக் கணக்குதான். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே ஒன்பதரை மைல் தூரத்தில் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் தீப்பிடித்தது. 1,486 கன்டெய்னர்கள், அவற்றில் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் தொடக்கம் அது. எரிந்த சரக்கும் பிளாஸ்டிக் குருணைகளும் நீர்கொழும்பு உள்ளிட்ட மேற்குக் கரை முழுக்க ஒதுங்கின. ஆழ்கடலுக்கு இழுக்கும் முயற்சியில் ஜூன் 2 அன்று கப்பல் தரைதட்டி மூழ்கத் தொடங்கியது. அபாயச் சரக்குக் கப்பல்களுக்குத் தனி இடம் ஒதுக்கும்போது மற்றக் கப்பல்களிலிருந்து எவ்வளவு தள்ளி என்று மட்டும் பார்ப்பது வழக்கம். சிந்தினால் எந்தக் கரைக்குப் போகும், தீயணைப்பு இழுவைக் கப்பல் எத்தனை மணியில் வந்து சேரும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டமும் வரைபடமும்

கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான பிராந்தியக் கடலில் நங்கூரப் பகுதியை வகுப்பது அந்தந்த நாட்டின் உரிமை. அமெரிக்காவில் கடலோரக் காவல்படை விதியாக வெளியிடும். அதற்கு முன் முன்மொழிவை அறிவித்துக் கருத்துக் கேட்கும். சர்வதேசக் கப்பல் போக்குவரத்துப் பாதைகளைத் தொடும் ஏற்பாடுகள் சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வுக்குப் போக வேண்டும். பிராந்தியக் கடலுக்கு அப்பால், நங்கூரம் போடக்கூடாத பகுதி என்று கட்டாயமாக அறிவிக்கும் அதிகாரமும் அங்கேதான் பெறப்படுகிறது. மெக்சிகோ வளைகுடாவிலுள்ள ஃபிளவர் கார்டன் பவளத்திட்டுகளுக்கு 2000-இல் அப்படி ஒரு தடை ஏற்கப்பட்டது. இந்தியக் கடல் வரைபடங்களில் இவற்றை ஏற்றுவது டேராடூனில் உள்ள கடற்படை நீர்வரைவியல் அலுவலகம். மாற்றம் வந்தால் மாலுமிகளுக்கான அறிவிப்பு வெளியாகும். அந்த அறிவிப்பு கப்பலின் மின்னணு வரைபடத்தில் ஏறாதவரை அந்தக் கப்பலைப் பொறுத்தமட்டில் மாற்றம் நடக்கவில்லை.

கருத்துக் கேட்பது சடங்கு என்று நினைப்பவர்கள் ஹட்சன் ஆற்றைப் பார்க்கலாம். 2016-இல் நியூயார்க்கின் யோங்கர்ஸ், கிங்ஸ்டன் நகரங்களுக்கு இடையே பத்து இடங்களில் 43 கப்பல்கள் வரை நிற்க வசதி செய்யும் யோசனையைக் கடலோரக் காவல்படை முன்வைத்தது. பனிமூட்டத்திலும் பலத்த காற்றிலும் இழுவைப் படகுகள் ஒதுங்க இடம் வேண்டும் என்பது படகுக்காரர் வாதம், நியாயமானதுதான். ஆற்றுக் குடிநீரை நம்பியிருக்கும் ஊர்களும், எண்ணெய் ஏற்றும் தட்டைப் படகுகளான பார்ஜுகளின் வாகன நிறுத்துமிடமாக ஆறு மாறிவிடும் என்று அஞ்சியவர்களும் எழுதிய கருத்துகள் பத்தாயிரத்தைத் தாண்டின. 2017-இல் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பத்து இடங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவராமல், ஒதுங்க இடம் உண்மையாகவே தேவைப்பட்ட இரண்டு மூன்றை மட்டும் கேட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஃபுளோரிடாவின் போர்ட் எவர்கிளேட்ஸ் இதற்கு நேர்மாறு. அங்கே நங்கூரப் பகுதி பவளத்திட்டுகளை ஒட்டியே இருந்தது. 1990-களின் நடுவிலிருந்து 2006 வரை கப்பல்கள் தரைதட்டியும் நங்கூரம் இழுபட்டும் திட்டுகள் பலமுறை சிதைந்தன. பிறகு திட்டுக்கு நெருங்கிய பகுதியை நீக்கி, ஆழமான பக்கத்துக்கு இடத்தை நகர்த்தினார்கள். வரைபடத்தில் பார்த்தால் சின்ன நகர்வுதான். அதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

கூட்டத்தைக் குறைப்பது

இவ்வளவு வட்டமும் தூரமும் கணக்கிட்ட பிறகும், ஆபத்தைக் குறைக்க மிக மலிவான வழி நங்கூரத்தில் நிற்கும் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே. கொரோனாவுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் வெளியே நங்கூரத்தில் காத்திருக்கும் கன்டெய்னர் கப்பல் ஒன்று இருந்தாலே செய்தி. 2021-இல் அவை பல பத்துகளாயின. நல்ல இடங்கள் நிரம்பிய பிறகு அவசரத்துக்கு வைத்திருந்த இடங்கள், அவையும் நிரம்பிய பிறகு எஞ்சினை நிறுத்தி மிதக்கவிட ஒதுக்கிய கடற்பரப்புகள் என்று கூட்டம் பிதுங்கியது. இதற்கு வேர், முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற பழைய முறை. இடம் இல்லையென்று தெரிந்தும் கப்பல்கள் முழு வேகத்தில் ஓடி வந்து வரிசையில் பெயர் போட்டுவிட்டுத் துறைமுக வாசலில் நின்றன. 2021 நவம்பரில் முறை மாறியது: முந்தைய துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய நேரத்தை வைத்து வரிசையில் இடம் கொடுத்து, பசிபிக்கைக் கடந்து வரும் கப்பல்களைக் கரையிலிருந்து 150 மைலுக்கு அப்பால் காத்திருக்கச் சொன்னார்கள். சில வாரங்களிலேயே கரையோரக் கூட்டம் கலைந்தது. 2022 ஜனவரியில் வரிசையில் 109 கப்பல்கள் இருந்தபோதும் பெரும்பாலானவை கரையை விட்டுத் தூரத்தில்தான் காத்திருந்தன.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நிலக்கரித் துறைமுகம் இதை வேறு விலை கொடுத்துக் கற்றது. 2007 ஜூன் 8 புயலின்போது வெளியே ஐம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் நிலக்கரிக்காகக் காத்து நின்றன. அத்தனையும் வெறுங்கப்பல்கள்; காற்றோ கரையை நோக்கி. கடலுக்குப் போய்விடுவது நல்லது என்ற எச்சரிக்கையைச் சிலர் ஏற்றார்கள், சிலர் நின்றுவிட்டார்கள். நின்றவற்றில் 225 மீட்டர் நீளமுள்ள பாஷா பல்கர் தாமதமாக நங்கூரம் எடுத்துக் கரையை விட்டு விலக முடியாமல் நாபிஸ் கடற்கரையில் ஏறியது. ஜூலை 2 அன்றுதான் மீட்டார்கள். பின்னர் கப்பல்கள் வரும் நேரத்தை முன்கூட்டியே வகுத்துக் கொடுக்கும் முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. மெதுவாக வந்தால் போதும் என்பதால் எரிபொருளும் மிச்சமானது.

போகச் சொல்லும் காற்றளவை எண்ணாகவே எழுதிவைக்க வேண்டும் என்பது நியூகாசில் விபத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது. வானிலை மோசமானால் தகுந்த நடவடிக்கை எடுக்கவும் என்ற வாசகத்தால் ஒரு கப்பலும் நகராது. சரக்கு வாடகைக்காரரின் கோபத்துக்கு அஞ்சும் கேப்டன் இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றுதான் இருப்பார். முன்னறிவிப்பில் 25 நாட் வந்தால் எஞ்சின் தயார்நிலை, 30 வந்தால் வெறுங்கப்பல்கள் வெளியேற வேண்டும், 35 வந்தால் எல்லாரும் என்று படிப்படியாக எழுதி, அந்தந்த வட்டத்தின் அனுமதியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். இவை உதாரண எண்கள். அந்தந்த இடத்தின் அலையையும் தரையையும் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். ஐம்பது கப்பல் நிற்கும் இடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் மோதல் ஆபத்து வரும். அதனால் கரைக்கு நெருங்கிய வட்டங்களுக்கு ஐந்து நாட் குறைவான வரம்பு வைத்தால் அவை முதலில் விலகும். வெளிவட்டத்தில் நிற்பவை அவற்றுக்கு வழிவிட்டு நிற்க நேரம் கிடைக்கும்.